ஒரு கோப்புக்கு ஒரு பெறுமானம்: கேர்னல் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து. லினக்ஸின் மையமான கேர்னல் தன் உள்விபரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ‘சிஸ்’ அடைவைப் பற்றியே பெரும்பாலும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். கோப்பு, கட்டளைப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: வளாகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். கடற்கரையில் வைக்கும் சிறிய வானிலைப் பலகை ஒன்றுக்கு ட்ரைவர் (வன்பொருளைக் கேர்னலோடு இணைக்கும் நிரல்) எழுதினோம். ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரே கோப்பு வெப்பநிலை, பற்றரியின் வோல்ற்றளவு, பிழை எண்ணிக்கை மூன்றையும் மூன்று வரியில் அழகாகக் காட்டுகிறது. மேற்பார்வையாளர் மூன்று கோப்பாகப் பிரிக்கச் சொல்கிறார். ஒன்றைத் திறக்க வேண்டிய இடத்தில் மூன்றைத் திறப்பது வீண்செலவு இல்லையா?
— மாணவி, நிலாவெளி

பதில்: மேற்பார்வையாளர் சொல்வதுதான் சரி. ஏன் என்று புரிய, செயன்முறைகளின் விபரங்களைக் காட்டும் பழைய ‘ப்ரொக்’ அடைவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே யார் எதை எப்படி அச்சிடலாம் என்பதற்கு ஒழுங்கு இருக்கவில்லை. இன்றும் ஒவ்வொரு செயன்முறைக்கும் உள்ள ‘ஸ்டாட்’ கோப்பைத் திறந்து பாருங்கள்: ஒரே வரியில் இடைவெளி விட்டு ஐம்பதுக்கும் அதிகமான எண்கள். இரண்டாவது இடத்தில் நிரலின் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். அந்தப் பெயருக்குள்ளேயே இடைவெளியும் வரலாம், மூடும் அடைப்புக்குறியும் வரலாம். இடைவெளியை வைத்து வெட்டும் ஸ்கிரிப்ட் அப்படியொரு பெயரைக் கண்டதும் எல்லா எண்களையும் ஓரிடம் தள்ளிப் படித்துவிடும். வரியின் கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பிறகுதான் வெட்டத் தொடங்க வேண்டும். இதை அறியாமல் எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். ‘சிபியூஇன்ஃபோ’ கோப்பு இன்னொரு உதாரணம். இன்டெல் கணினியில் ஒரு வடிவம், ஆர்ம் பலகையில் வேறொரு வடிவம்.

இந்தக் குழப்பம் திரும்ப வரக்கூடாது என்றுதான் ‘சிஸ்’ அடைவைத் தரும், பாட்ரிக் மோசெல் எழுதிய சிஸ்எப்எஸ் முதலிலேயே ஒரு விதியோடு வந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கேர்னலிலிருந்து அது எல்லோர் கணினியிலும் இருக்கிறது. ஒரு கோப்பு, ஒரு பெறுமானம், வெறும் எழுத்து வடிவில். ஒரே வகைப் பெறுமானங்களின் வரிசை என்றால் பொறுத்துக்கொள்வார்கள். வகைகளைக் கலப்பதும், பல வரி எழுதுவதும், அலங்காரமாக அச்சிடுவதும் கூடாது. மீறினால் எல்லோர் முன்னும் வெட்கப்பட நேரும், கேளாமலே உங்கள் நிரல் திருத்தி எழுதப்படும் என்று கேர்னலின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது.

உங்கள் மூன்று வரிக் கோப்பை இன்று நாலு பேர் படிக்கிறார்கள் என்று வையுங்கள். அடுத்த வருடம் ஈரப்பதன் சென்சர் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். நாலாவது வரியை எங்கே வைப்பீர்கள்? நடுவில் வைத்தால் வரி எண்ணிப் படித்தவர்களின் நிரல் கெடும். கடைசியில் வைத்தால் ‘கடைசி வரி பிழை எண்ணிக்கை’ என்று எழுதியவரின் நிரல் கெடும். பயனர் நிரல் கெட்டால் குற்றம் கேர்னலுடையது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி, ஆகவே உங்கள் மாற்றமே திருப்பி எடுக்கப்படும். தனித்தனிக் கோப்பாக இருந்திருந்தால் புதிதாக ஒரு கோப்பு முளைத்திருக்கும், பழையவை அசைந்திருக்காது.

செலவு பற்றிய கவலை வேண்டாம். மூன்றையும் ஒருமுறை திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கோப்பின் தொடக்கத்திலிருந்து ‘பிரெட்’ அழைப்பால் படியுங்கள். தொடக்கத்திலிருந்து படிக்கும்போதெல்லாம் கேர்னல், கோப்பில் காட்ட வேண்டியதைத் தரும் உங்கள் ‘ஷோ’ செயற்கூற்றைப் புதிதாக அழைக்கும். பலகையிலிருந்து ஐ2சி என்ற இணைப்பு வழியாகத் தரவு வர எடுக்கும் நேரத்தோடு பார்த்தால் மற்றதெல்லாம் கணக்கில் வராது.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம்: வெப்பநிலைக்கும் வோல்ற்றளவுக்கும் நீங்களாகக் கோப்பு உருவாக்கவே வேண்டாம். வன்பொருள் கண்காணிப்புக்கான எச்டபிள்யூமொன் என்ற துணைத்தொகுதியில் பதிவு செய்யுங்கள். ‘டெம்ப்1_இன்புட்’, ‘இன்0_இன்புட்’ என்ற கோப்புகளை அதுவே உருவாக்கி, அதுவே அச்சிடும். உங்கள் ட்ரைவர் ஒரு முழு எண்ணைக் கொடுத்தால் போதும். ட்ரைவர் எழுதுபவர் கையில் அச்சிடும் வேலையே இல்லை என்றால் விதியை மீற வழியும் இல்லை. எந்தக் கண்காணிப்பையும் விட இது பலமானது.

அலகில் மட்டும் கவனம் தேவை. கேர்னலுக்குள் தசமப் புள்ளி எண்கள் வழக்கமாகப் பயன்படுவதில்லை, ஆகவே சிறிய அலகில் முழு எண்ணாகத்தான் எல்லாம் வரும். 28.5 பாகை செல்சியசை எச்டபிள்யூமொன் 28500 என்று மில்லிபாகையில் காட்டும். பற்றரிகளுக்கான பவர்_சப்ளை என்ற துணைத்தொகுதி அதே வெப்பத்தை 285 என்று பத்திலொரு பாகையில் காட்டும். 3.7 வோல்ற் முதலாவதில் 3700, அதாவது மில்லிவோல்ற். இரண்டாவதில் 3700000, அதாவது மைக்ரோவோல்ற். ‘28.5 சி’ என்று அலகையும் சேர்த்து அச்சிடாதீர்கள். அலகு ஆவணத்தில் இருக்க வேண்டியது, கோப்பில் அல்ல.

பிழை எண்ணிக்கை யாருக்கு? உங்கள் குழுவுக்கு மட்டும் என்றால் அது பிழைதேடலுக்கான டீபக்எப்எஸ் பக்கம் போகட்டும். அங்கே எந்த விதியும் இல்லை, எத்தனை வரியும் எழுதலாம். ஆனால் சாதாரண பயனர் நிரல் எதுவும் அதை நம்பி ஓடக்கூடாது. பயனருக்கும் தேவை என்றால் தனிக் கோப்பு.

மூன்றும் ஒரே கணத்தில் எடுத்ததாக இருந்தே ஆகவேண்டும் என்றால் அது வேறு கதை. வட்டுகளின் ‘ஸ்டாட்’ கோப்பு அந்தக் காரணத்துக்காகவே விதியை மீறி ஒரே வரியில் பல எண்களைத் தருகிறது. காரணத்தை ஆவணத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் 11 எண்கள். 4.18 கேர்னலில் 4, 5.5 இல் 2 கூடி இப்போது 17. புதியவை எப்போதும் கடைசியில்தான் சேர்ந்தன. படிக்கும் நிரல் முன்னிருந்து எண்ண வேண்டும், மொத்தம் இத்தனைதான் என்று நினைக்கக் கூடாது. வானிலைப் பலகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஒரே கணத்து மாதிரிகள் வேண்டுமென்றால் சென்சர்களுக்கான ஐஐஓ துணைத்தொகுதியின் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) இருக்கிறது, நேரமுத்திரையும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் மீன்வாடியின் குளிர் அறையில் ராஸ்பெரி பை ஒன்றில் டிஎஸ்18பி20 சென்சர் பூட்டி, ‘டபிள்யூ1_ஸ்லேவ்’ கோப்பிலிருந்து வெப்பநிலை எடுக்கிறோம். இரண்டு குழப்பம்: இடைக்கிடை 85 பாகை என்று காட்டி அலாரம் அடிக்கிறது. உறைபெட்டிக்குள் வைத்தால் 18 பாகை என்று காட்டுகிறது, கையை வைத்தால் விறைக்கிறது!
— வாசகர், கிண்ணியா

பதில்: இரண்டாவதை முதலில் முடிப்போம். உங்கள் பெட்டி மறை 18 பாகையில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் ‘டி=’ என்பதற்குப் பின் இலக்கங்களை மட்டும் தேடி, முன்னால் நிற்கும் கழித்தல் குறியை விழுங்கிவிடுகிறது. தேடும் கோலத்தில் கழித்தல் குறியையும் சேர்த்தால் சரியாகும்.

85 பாகை என்பது அந்தச் சென்சருக்கு மின் வந்தவுடன் அதன் நினைவகத்தில் இருக்கும் ஆரம்பப் பெறுமானம். அளவிட்டு முடியுமுன் மின் தளர்ந்து சென்சர் மறுபடி தொடங்கினால் 85000 வரும். சிஆர்சி என்ற தரவுச் சரிபார்ப்பு சரியாகவே இருக்கும், ஏனென்றால் தரவு கெடவில்லை. முதலில் வயரைப் பாருங்கள். தரவு வயருக்கும் 3.3 வோல்ற்றுக்கும் இடையில் 4.7 கிலோஓம் தடையி இருக்க வேண்டும். 5 வோல்ற்றுக்கு இழுத்தால் பையின் முனை பழுதாகும். இரண்டு வயரில் ஓட்டாமல் மூன்றாவது வயரில் தனியாக மின் கொடுங்கள். உப்புக்காற்றுப் படும் இடத்தில் முறுக்கி ஒட்டிய இணைப்புகள் பச்சை பிடித்துத் தடை ஏறும். ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாயால் மூடுங்கள். ஸ்கிரிப்டில் சரியாக 85000 வந்தால் அதை எறிந்துவிட்டு மறுபடி படிக்கச் செய்யுங்கள். குளிர் அறையில் அது உண்மையாக இருக்க வழியில்லை.

இப்போது கோப்புக்கு வருவோம். ‘டபிள்யூ1_ஸ்லேவ்’ விதிக்கு முற்றிலும் மாறானது: இரண்டு வரி, ஒவ்வொன்றிலும் ஒன்பது பதினாறடிமான எண்கள், முதல் வரிக் கடைசியில் சிஆர்சி சரியா என்பதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’, இரண்டாவதன் கடைசியில் ‘டி=’. முதல் வரியைப் பார்க்காமல் இரண்டாவதை மட்டும் எடுப்பவர்கள், கெட்ட தரவையும் வெப்பநிலை என்று நம்பிவிடுகிறார்கள். உலகமெங்கும் ஸ்கிரிப்டுகள் அதைப் படிப்பதால் நீக்க முடியாது. அதனால் 5.8 கேர்னலில், 2020 இல், அதன் பக்கத்திலேயே ‘டெம்பரேச்சர்’ என்ற கோப்பு வந்தது. ஒரே எண், மில்லிபாகையில், கழித்தல் குறியோடு. அதற்கு மாறுங்கள். எண் வராமல் வெறுமையாகவோ பிழையாகவோ வந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள், பூச்சியம் என்று பதியாதீர்கள். பூச்சியம் குளிர் அறையில் நம்பத்தக்க எண், யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

அதே அடைவில் ‘ரெசொலூஷன்’ என்ற கோப்பும் உண்டு. 12 பிட்டில் ஒரு அளவீடு 750 மில்லிசெக்கன், 9 பிட்டில் சுமார் 94. பத்துச் சென்சர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் இந்த வேறுபாடு தெரியும். குளிர் அறைக்கு அரைப் பாகைத் துல்லியம் போதும் என்றால் 9 என எழுதுங்கள்.

கேள்வி: ‘சூடோ எக்கோ 1’ என்று எழுதி, அம்புக்குறியால் சிஸ் கோப்புக்குள் அனுப்பினால் அனுமதி இல்லை என்கிறது. சூடோ போட்டும் ஏன்?
— ஆசிரியர், மூதூர்

பதில்: அம்புக்குறியின் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), நிர்வாகி உரிமை தரும் சூடோ அல்ல. ஷெல் சாதாரண பயனராகவே ஓடுகிறது. எக்கோவைச் சூடோ இல்லாமல் விட்டு, அதன் வெளியீட்டைக் குழாய்க்குறியால் ‘சூடோ டீ’ கட்டளைக்குக் கொடுத்து, டீ கோப்பில் எழுதட்டும். மாணவர்களுக்காக, எல்லோருக்கும் எழுத அனுமதிக்கும் ‘சிமோட் 666’ போடாதீர்கள். சிஸ் அடைவு நினைவகத்தில் மட்டும் வாழ்வது, மறுதொடக்கத்தில் அனுமதி பழையபடி ஆகும். நிலையாக வேண்டுமென்றால் ஒரு பயனர் குழுவை உண்டாக்கி, சாதனங்கள் சேரும்போது செயற்படும் யூடெவ் விதியால் அந்தக் குழுவுக்கு எழுத்து அனுமதி கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் சிறு குழு, சாதனங்களுக்கு ட்ரைவர் எழுதுகிறோம். இந்த விதிகளை யார் காவல் செய்கிறார்கள்? புதியவர் ஒருவர் பிழையாக எழுதினால் தானாகப் பிடிக்கும் வழி உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் மூத்தவர்தான் வாசிக்க வேண்டுமா?
— மென்பொருள் பொறியியலாளர், உவர்மலை

பதில்: ஒரு பகுதி தொகுக்கும்போதே பிடிபடும், ஒரு பகுதி ஓடும்போது, ஒரு பகுதி கருவிகளால். மிச்சம் மனிதக் கண்ணுக்குத்தான். எது எங்கே பிடிபடுகிறது என்று தெரிந்தால் மூத்தவரின் நேரத்தை உரிய இடத்தில் செலவிடலாம்.

அனுமதி எண்களைத் தொகுப்பானே பிடிக்கும். கோப்பை அறிவிக்கும் ‘டிவைஸ்_ஏடிடிஆர்’ மெக்ரோவுக்குள் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. 0666 என்று எல்லோருக்கும் எழுத அனுமதித்தால் தொகுப்பு அங்கேயே முறியும். உரிமையாளர் படிக்க முடியாததை மற்றவர் படிக்கலாம் என்று எழுதினாலும் முறியும். ஆனால் ஓடும்போது நினைவகம் ஒதுக்கிக் கையால் அனுமதியை நிரப்பும் கட்டமைப்புகள் இந்த வலைக்குள் விழாது. உங்கள் குழுவில் அந்த வழக்கத்தையே தடை செய்யுங்கள். ‘_ஆர்ஓ’, ‘_ஆர்டபிள்யூ’, ‘_டபிள்யூஓ’ என முடியும் மெக்ரோக்கள் மட்டும். அவை அனுமதியையும் செயற்கூற்றுப் பெயரையும் தாமே தீர்மானிப்பதால் வாசிப்பவருக்கும் இலகு. தவிர்க்கவே முடியாமல் ஓடும்போது உருவாக்கினால் ‘சிஸ்எப்எஸ்_ஏடிடிஆர்_இனிட்’ அழைக்க மறக்க வேண்டாம். மறந்தால், பூட்டுப் பிழைகளைத் தேடும் லொக்டெப் கத்தும்.

வெளியீட்டுக்கு ‘சிஸ்எப்எஸ்_எமிட்’ மட்டும். 2020 இல் 5.10 கேர்னலோடு வந்தது. ‘ஷோ’ செயற்கூற்றுக்குக் கிடைக்கும் பஃபர் ஒரு நினைவகப் பக்கம், வழக்கமாக 4096 பைட். ‘எஸ்பிரின்ட்எப்’ அந்த எல்லையை அறியாது. ‘எஸ்என்பிரின்ட்எப்’ எல்லையை மதிக்கும், ஆனால் எழுதிய அளவைத் திருப்பித் தராது; இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய அளவையே தரும். அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் இல்லாத பைட்டுகளுக்கும் கணக்குச் சொன்னதாகும். கேர்னல் அதைக் கண்டுபிடித்தால் ‘பேட் கவுண்ட்’ என்று பதிவில் எழுதி வெட்டிவிடும். எமிட் இரண்டையும் தவிர்க்கிறது, பஃபர் பக்கத்தின் தொடக்கத்தில் இல்லாவிட்டால் எச்சரிக்கவும் செய்கிறது. ராஸ்பெரி பை 5 இன் வழக்கமான கேர்னலில் பக்கம் 16 கிலோபைட். ஆகவே நீளமான வெளியீடு ஒரு பலகையில் முழுதாக வந்து, இன்னொன்றில் வெட்டுப்படும். பக்க எல்லைக்குக் கிட்டே போகும் கோப்பு ஏற்கெனவே வடிவமைப்புப் பிழைதான்.

அடுத்து, பேட்சுகளை (மாற்றத் தொகுப்புகளை) சரிபார்க்கும் ‘செக்பேட்ச்’ கருவி. பழைய குறியீட்டு அனுமதிப் பெயர்களையும், சுருக்க மெக்ரோ இருக்க நீளமானதை எழுதியதையும் அது சுட்டிக்காட்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் ஓட்டுங்கள்.

பிறகு ஆவணம். இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள், இதுதான் முதலில் வர வேண்டியது. கேர்னலின் ‘டொக்குமென்டேஷன்’ அடைவில் ‘ஏபிஐ’ என்ற பகுதி உண்டு, அதற்குள் நான்கு அடைவுகள். ‘ஸ்டேபிள்’ குறைந்தது 2 வருடம் மாறாது என்ற உறுதி. ‘டெஸ்டிங்’ பெரும்பாலும் உறுதியானது, பாரிய பிழை இருந்தால் மாறலாம். ‘ஒப்சொலீட்’ இன்னும் இருக்கிறது, ஒருநாள் போகும். ‘ரிமூவ்ட்’ போய்விட்டது. ஒவ்வொரு பதிவிலும் கோப்பின் பாதை, திகதி, எந்தக் கேர்னலில் வந்தது, தொடர்பு, விளக்கம் ஆகியவை வரும். விளக்கத்தில் அலகையும், ஏற்கும் எல்லையையும், எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். ‘கெட்_ஏபிஐ’ என்ற கருவிக்கு இரண்டு முக்கியக் கட்டளைகள் இருக்கின்றன. ‘வலிடேட்’ பதிவுகளின் வடிவத்தைச் சரிபார்க்கும். ‘அன்டிஃபைன்ட்’ ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் சிஸ் அடைவை ஆவணங்களோடு ஒப்பிட்டு, ஆவணம் இல்லாத கோப்புகளைப் பட்டியலிடும். பேர்ளில் இருந்த இக்கருவி 2025 இல் பைதனில் மாற்றி எழுதப்பட்டது. பழைய கேர்னல் மரத்தில் பழையதையே காண்பீர்கள். உங்கள் பலகையில் ட்ரைவரை ஏற்றிவிட்டு ‘அன்டிஃபைன்ட்’ ஓட்டுங்கள். உங்கள் கோப்பின் பெயர் அதில் வந்தால் பேட்ச் முழுமையாகவில்லை.

இவற்றில் எதுவுமே பிடிக்காதது ஒன்று இருக்கிறது, அதுதான் மூல விதி. கோப்புக்குள் ஒரு பெறுமானமா மூன்றா என்று எந்தத் தொகுப்பானும் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு சோதனை ஸ்கிரிப்டை நீங்களே எழுதுங்கள், ஐம்பது வரி போதும். உங்கள் சாதனத்தின் அடைவில் உள்ள ஒவ்வொரு சாதாரணக் கோப்பையும் படிக்கட்டும். ‘யூஇவென்ட்’ கோப்பை விட்டுவிடுங்கள், அது இயல்பாகவே பல வரி. கடைசியில் ஒரே ஒரு புதுவரிக் குறி, வேறெங்கும் இல்லை, நடுவில் இடைவெளி இல்லை. வரிசையாகவோ தெரிவுப் பட்டியலாகவோ இருக்கும் கோப்புகளைத் தனி விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லி எழுதுங்கள். வட்டின் ‘ஷெட்யூலர்’ கோப்பு எல்லாத் தெரிவுகளையும் காட்டி, இப்போது தெரிவாகியுள்ளதைச் சதுர அடைப்புக்குள் வைப்பது போல. விலக்குப் பட்டியலில் ஒரு வரி கூடும்போதெல்லாம் மூத்தவர் கையொப்பம் வேண்டும் என்று வையுங்கள். அவருடைய நேரம் போக வேண்டிய இடம் அதுதான்.

எழுதக்கூடிய கோப்புகளுக்கு இன்னும் இரண்டு சோதனை. படித்ததை அப்படியே திரும்ப எழுதி மறுபடி படித்தால் அதே பெறுமானம் வர வேண்டும். வெற்று வரி, எழுத்துகள், மிகப் பெரிய எண் ஆகியவற்றை எழுதினால் ‘ஈ-இன்வால்’ (தவறான பெறுமானம்) அல்லது ‘ஈ-ரேஞ்ச்’ (எல்லை மீறியது) பிழை வர வேண்டும், பழைய பெறுமானம் அசையக் கூடாது. ‘கேஎஸ்டிஆர்டூஇன்ட்’ குடும்பம் இந்தப் பிழைகளைச் சரியாகத் தரும், எக்கோ சேர்க்கும் புதுவரிக் குறியையும் ஏற்கும். பழைய ‘சிம்பிள்_ஸ்ட்ர்டூல்’ ‘12அஆ’ என்பதையும் 12 என்று எடுத்துக்கொள்ளும், அதைத் தொடாதீர்கள்.

இந்தச் சோதனையை உங்கள் சாதன அடைவுக்குள் மட்டும் ஓட்டுங்கள். முழு சிஸ் அடைவையும் படித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். மேலே சொன்ன வெப்பநிலைக் கோப்பு போலப் படிப்பதாலேயே வன்பொருளை வேலை செய்ய வைக்கும் கோப்புகள் அங்கே உண்டு.

கேள்வி: சிஸ் கோப்பில் எழுதுவதை வாங்கும் என் ‘ஸ்டோர்’ செயற்கூற்றுக்குள் எண் சரியாக வருகிறது, பதிவிலும் தெரிகிறது. ஆனால் எக்கோ கட்டளை முடியவே முடியாது, சிபியூ நூறு வீதம்.
— வாசகர், உப்புவெளி

பதில்: கடைசி வரியில் ‘ரிட்டர்ன் 0’ என்று எழுதியிருப்பீர்கள். ஸ்டோர் திருப்ப வேண்டியது எத்தனை பைட்டை ஏற்றோம் என்பதை. பூச்சியம் என்றால் ஒன்றும் ஏற்கவில்லை என்று பொருள், ஆகவே பயனர் பக்கம் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறது. ‘ரிட்டர்ன் கவுண்ட்’ என்று மாற்றுங்கள். புதுவரிக் குறியைக் கழித்து ஒன்று குறைவாகத் திருப்புவதும் பிழை. மிஞ்சிய அந்த ஒரு குறியோடு ஸ்டோர் இன்னொரு தடவை அழைக்கப்பட்டு, இம்முறை ‘ஈ-இன்வால்’ வரும்.

கேள்வி: எங்கள் ட்ரைவர் உருவாக்கும் கோப்பை வைத்து யூடெவ் விதி எழுதினோம். சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை. கையால் மறுபடி தூண்டினால் எப்போதும் வேலை செய்கிறது.
— வாசகி, திருகோணமலை நகர்

பதில்: கையால் தூண்டும்போது எப்போதும் சரி என்றாலே, முந்தப் பார்க்கும் ஓட்டம் இது என்று தெரிகிறது. சாதனம் சேர்ந்த செய்தி யூடெவ்வுக்குப் போன பிறகு ‘டிவைஸ்_கிரியேட்_ஃபைல்’ அழைக்கிறீர்கள். யூடெவ் விரைவாக வந்தால் கோப்பு இன்னும் பிறக்கவில்லை.

உங்கள் ட்ரைவர் தானே உருவாக்கும் கிளாஸ் சாதனம் என்றால், பதிவு செய்யுமுன்பே பண்புக் குழுவைக் கட்டமைப்பில் கொடுத்துவிடுங்கள். அப்போது கோப்புகள் பிறந்த பின்தான் செய்தி போகும். ஐ2சி போன்ற பஸ்ஸில் ஏற்கெனவே இருக்கும் சாதனத்தின் அடைவில் கோப்பு வேண்டுமென்றால், ட்ரைவர் கட்டமைப்பின் ‘டெவ்_குரூப்ஸ்’ புலத்தில் கொடுங்கள்; 5.4 கேர்னலிலிருந்து உண்டு. ட்ரைவர் சாதனத்தை ஏற்கும் ‘ப்ரோப்’ வெற்றியான பின் கேர்னலே கோப்புகளை உருவாக்கி, அதன்பின் ‘பைண்ட்’ செய்தி அனுப்பும். யூடெவ் விதியும் ‘ஆட்’ செய்திக்கு அல்ல, ‘பைண்ட்’ செய்திக்கு எழுதப்பட வேண்டும். இதை மறந்துவிட்டு ட்ரைவரை மட்டும் திருத்தினால் பிழை அப்படியே இருக்கும். சில மாதிரிகளில் மட்டும் தேவைப்படும் கோப்புக்கு ‘இஸ்_விசிபிள்’ செயற்கூறு இருக்கிறது. இல்லாத வசதிக்குக் கோப்பை வைத்துவிட்டு ‘பொருந்தாது’ என்று அச்சிடுவதை விட, கோப்பே இல்லாமல் இருப்பது நல்லது.

கேள்வி: சேர்வர் ஒன்றில் சிகுரூப் கோப்புகளைப் பார்க்கிறேன். ‘மெமரி.ஸ்டாட்’ பல வரி, ‘சிபியூ.மேக்ஸ்’ இரண்டு எண். விதி இங்கே செல்லாதா?
— வாசகர், அன்புவழிபுரம்

பதில்: செயன்முறைக் குழுக்களுக்கு வளங்களை அளந்து கொடுக்கும் சிகுரூப் 2 தனக்கென வேறு விதி வைத்திருக்கிறது, அதையும் எழுதி வைத்திருக்கிறது. பல பெறுமானம் வரலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட சில வடிவங்களில் மட்டும். ‘மெமரி.ஸ்டாட்’ வரிக்கொரு பெயரும் எண்ணும். புதிய வரி நடுவிலும் வரலாம் என்று ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது, எனவே பெயரைத் தேடிப் படியுங்கள், வரி எண்ணை நம்பாதீர்கள். எல்லை இல்லை என்பதற்கு எங்கும் ‘மேக்ஸ்’ என்ற ஒரே சொல்.

கேள்வி: வயல் பம்பியை ராஸ்பெரி பையின் 17 ஆம் முனையில் ரிலே பூட்டி ஓட்டுகிறேன். மென்பொருளைப் புதுப்பித்த பின், ‘எக்ஸ்போர்ட்’ கோப்பில் 17 எழுதினால் ஏற்கமுடியாத பெறுமானம் என்கிறது. பல வருடம் ஓடிய ஸ்கிரிப்ட்.
— விவசாயி, தம்பலகாமம்

பதில்: பழுது உங்கள் பக்கத்தில் இல்லை. அந்தக் கோப்பில் எழுதும் எண் பலகையின் முனை எண் அல்ல, கேர்னல் முழுமைக்குமான வரிசை எண். பழைய கேர்னல்களில் பையின் முனைகள் 0 இலிருந்து தொடங்கியதால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. 6.6 கேர்னலில் தொடக்கம் 512 ஆனது. ‘ஜிபிஐஓ’ கிளாஸ் அடைவுக்குள் ‘சிப்’ என்று தொடங்கும் அடைவுகளில் ‘பேஸ்’ கோப்பைப் பாருங்கள். 512 என்றால் 17 ஐக் கூட்டி 529 எழுதுங்கள், பம்பி இன்றைக்கே ஓடும். எண்ணை ஸ்கிரிப்டில் பதிக்காமல் ‘பேஸ்’ கோப்பைப் படித்துக் கூட்டச் செய்தால் அடுத்த புதுப்பிப்பும் தாங்கும்.

ஆனால் இந்த இடைமுகம் ‘ஒப்சொலீட்’ அடைவுக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. பதிலாக 4.8 கேர்னலில், 2016 இல், எழுத்துச் சாதனம் (சாதனக் கோப்பு வழியான இடைமுகம்) வந்தது. கட்டளைக்கு ‘ஜிபிஐஓடி’ பொதியை நிறுவுங்கள். பதிப்பு 2 இல் ‘ஜிபிஐஓசெட்’ கட்டளைக்கு ‘-சி’ என்று சிப்பின் பெயரைக் கொடுத்து, பிறகு ‘17=1’; பதிப்பு 1 இல் ‘-சி’ இல்லாமல் பெயர் மட்டும். எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன.

மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய முறையில் உங்கள் ஸ்கிரிப்ட் நடுவில் செத்தாலும் முனை எழுதியபடியே நிற்கும். பம்பி ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்கால் நிரம்பி வழியும் வரை யாருக்கும் தெரியாது. புதிய முறையில் முனையைப் பிடித்திருக்கும் நிரல் முடிந்ததும் பிடி விடுபடும், அதன்பின் முனை எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே ரிலேயின் உள்ளீட்டில் 10 கிலோஓம் தடையி ஒன்றைப் போட்டு, யாரும் முனையை இயக்காதபோது பம்பி நிற்கும் பக்கத்துக்கு இழுத்து வையுங்கள். உங்கள் ரிலே தாழ்நிலையில் இயங்கும் வகை என்றால் 3.3 வோல்ற்றுக்கு, உயர்நிலை வகை என்றால் நிலத்துக்கு. பம்பியைப் பூட்டுமுன், ஸ்கிரிப்ட் ஓடும்போதே அதை நிறுத்திப் பார்த்து ரிலே விடுகிறதா என்று கேளுங்கள். ‘டிக்’ என்ற சத்தம் வர வேண்டும்.